மடக்கு போன் மூடும் சத்தம்

எனக்குக் கோபம் முதலில் வந்துவிடும். யோசனை அடுத்த பஸ்ஸில்தான் வரும். அதனால் என் மகள் போனில், "மா, மடக்கற போன் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். சாதா போனும் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். ரெண்டுல எது வாங்கலாம்னு நீயும் வந்து பாரேன்" என்று சொன்னதும் எடுத்த எடுப்பிலேயே கத்திவிட்டேன்.

"மடக்கறதும் வேணாம், முறிக்கறதும் வேணாம். ஊர்ல எல்லாரும் இன்னா வெச்சிகினு கீறாங்களோ அதையே வாங்கு."

"ஏம்மா இப்டி எரிஞ்சி விழற? கேட்டுகினுதானே கீறேன்?"

அவள் சத்தியவேடு பக்கம் போன் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள். விளக்கு வெளிச்சத்தில் திரைகளைச் சாய்த்துப் பார்த்து, கீறல் இருப்பதைத் தனியே எடுத்து வைக்கிற வேலை. தங்குவது ஹாஸ்டலில். நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குப் போகிற போனைப் பார்க்கிறவளின் சொந்த போனில் பச்சைக் கோடு விழுந்து, பாதிப் பேச்சில் அணைந்துபோகும். பாதிப் பேச்சில் அணைவது எனக்கு ஆகாது. அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பேன். கூட இருக்கிற பெண்ணின் போனை வாங்கி அவள் திரும்பக் கூப்பிடும்வரை உள்ளே போக மாட்டேன். அதனால் புதுப் போன் வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. எந்தப் போன் என்பதில்தான் சண்டை.

மடக்குகிற போன் வேண்டாம் என்பதற்கு நான் அவளிடம் சொன்ன காரணமெல்லாம் நல்ல காரணம்தான். விலை அதிகம், நடுவில் மடிப்பு தெரியும், எங்கள் ஊர்ப் புழுதிக்குத் தாங்காது. உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அவளுடைய நைனா, என் வீட்டுக்காரர், வைத்திருந்தது மடக்கு போன்.

இப்போது வருகிற மாதிரி பளபளப்பெல்லாம் இல்லை. பட்டன் போன். சோப்பு டப்பா மாதிரி திறந்து மூடலாம். பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் லோடு ஏற்றி அனுப்புகிற வேலை அவருக்கு. சீசனில் மண்டிக்காரர்களோடு தெலுங்கில் சண்டை, என்னோடு தமிழில் சண்டை. காலையில் போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டு, "சேந்துட்டேன்" என்பார். எந்தப் பேச்சானாலும் கடைசியில், "சரி, வெச்சிடறேன்மே." அப்புறம் "டப்". மூடிவிட்டார் என்றால் முடிந்தது. எனக்கு அப்படி ஆத்திரம் வரும். "பேசிகினு இருக்கும்போதே மூஞ்சில அடிச்சா மாதிரி மூடறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொள்வேன். அவர் சிரித்துக்கொண்டே போனை என் காதோரம் கொண்டுவந்து இன்னொரு தடவை திறந்து மூடிக் காட்டுவார். கொழுப்பு.

கடைசியாகப் பேசிய அன்று அவர் மூடவில்லை.

காலையில் வண்டியில் மண்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். போனைத் திறந்து, தலையில் கட்டிய துண்டுக்குள் காதை ஒட்டிச் செருகிக்கொண்டு பேசிக்கொண்டே ஓட்டுவது அவர் பழக்கம். எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

"பாப்பா துன்னுட்டுப் போச்சா ஸ்கூலுக்கு?" என்றார்.

"எங்க துன்னுச்சி? பஸ்ஸு வந்துட்ச்சின்னு ஓடிப்போச்சி" என்றேன்.

"நீதான் கட்டிக் குடுத்திருக்கணும்."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு ஹாரன் சத்தம். பிறகு தகரம் தரையில் இழுபடுகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆனால் லைன் இருந்தது. காற்று அடிப்பது கேட்டது. யாரோ செருப்புக் காலோடு ஓடி வருவது கேட்டது. "இன்னா ஆச்சி? பேசு. பேசேன்யா" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் வேறு ஒரு குரல் வந்தது. "ஹலோ, எவரண்டி? ஈயன மீக்கு ஏமவுதாரு?" இவர் உங்களுக்கு என்ன ஆக வேண்டும் என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் எங்கே போனதோ, "என் ஊட்டுக்காரரு" என்று தமிழில் சொன்னேன்.

அவருடைய அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கமும் யாரும் மூடவில்லை. ஜனம் கூடியது, ஆம்புலன்ஸ் வந்தது, போனது, எல்லாவற்றையும் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று கேட்டேன். பிறகு என் போனில் சார்ஜ் தீர்ந்து அதுவாகவே அணைந்தது.

எங்கள் ஜனத்தில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். போகிறவர் ஆசையாக வைத்திருந்ததைக் கூடவே வைத்து அனுப்புவார்கள். வெற்றிலை, பீடிக்கட்டு, அவருக்கு அந்தப் போன். விழுந்ததில் கீல் வளைந்து அது மூட வரவில்லை. அவருடைய அண்ணன் இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாராம். கடைசியில் திறந்தபடியே சட்டைப் பையில் வைத்துவிட்டார்கள். பேட்டரியைக் கழற்ற வேண்டும், சிம்மை எடுக்க வேண்டும் என்று அத்தனை ஆம்பிளைகளில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை.

பொம்பளைகள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. தெருக்கோடியோடு நாங்கள் திரும்பிவிட்டோம். அதனால் அங்கே நடந்ததை எனக்கு அவருடைய அண்ணன்தான் வந்து சொன்னார். பாதிக் குழி மண் தள்ளியிருக்கிறார்கள். உள்ளே போன் அடித்திருக்கிறது. நின்று, திரும்ப அடித்திருக்கிறது. மண்ணை எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார் ஒருத்தர். தள்ளின மண்ணைத் திரும்ப எடுக்கக் கூடாது என்றிருக்கிறார் இன்னொருத்தர். யார்டா கூப்பிடுவது என்று ஒருத்தர் போனை ஒருத்தர் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே இருந்த யாரும் கூப்பிடவில்லை. பிறகு எல்லாருமாகச் சேர்ந்து, சத்தம் அமுங்குகிறவரைக்கும் மண்ணை வாரி வாரித் தள்ளியிருக்கிறார்கள்.

ஊரில் அதைக் கதையாக்கிவிட்டார்கள். செத்தவனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து போன் வந்தது என்றார்கள். அமாவாசைக்கு இன்னும் அடிக்கிறது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்த வழியை விட்டுச் சுற்றிப் போவார்கள். எனக்குப் பேய் பயம் இல்லை. யாரோ ஒருத்தர் அவரைக் கூப்பிட்டுவிட்டு, என்னைப் போலவே காதில் போனை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். இவர் எடுக்க முடியாமல் படுத்திருக்கிறார். அந்தப் போன் உள்ளே இன்னும் திறந்தே கிடக்கிறது. இதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்காது.

அன்றிலிருந்து எது "டப்" என்று மூடினாலும் திரும்பிப் பார்ப்பேன். டிபன் பாக்ஸ், பர்ஸ், பாப்பாவின் ஜாமெட்ரி பாக்ஸ், எதுவானாலும். ஒவ்வொரு தடவையும் இதோ மூடிவிட்டார் என்று மனசு ஒரு நொடி நம்பிவிடும். துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று அவர் சொல்வது கேட்கும். "நீதான் கட்டிக் குடுத்திருக்கணும்." அதற்கான பதில் இன்னும் என் வாயிலேயே இருந்தது.

பாப்பாவிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. நைனா வண்டியோடு விழுந்தார் என்பது அவளுக்குத் தெரியும். நான் லைனில் இருந்தேன் என்பது தெரியாது.

போன் வாங்க நான் ஊரிலிருந்து திருப்பதிக்குப் போனேன். அவள் சத்தியவேட்டிலிருந்து வந்தாள். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மொட்டைத் தலைகளுக்கு நடுவே என்னைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஷோரூம். ஒரு பக்கம் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும், இன்னொரு பக்கம் போன்கள். "ரண்டம்மா, கூச்சோண்டி" என்று உட்காரச் சொன்ன விற்பனையாளர், எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிக்கொண்டார்.

சாதா போனை முதலில் வைத்தார். சார்ஜ் ரெண்டு நாள் நிற்கும், படம் நன்றாக விழும், கண்ணாடி உடைந்தால் எந்தத் தெருவிலும் மாற்றலாம் என்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பிறகு மடக்குகிறதைக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்குகிற சதுரம். நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

பாப்பா அதைத் திறந்து, கம்பெனியில் செய்கிற மாதிரியே விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள். "நடுவுல கோடு தெரியுது பாரும்மா. கீல்ல மண்ணு பூந்தா அவ்ளோதான்" என்றாள்.

"நீயே சொல்றே. அப்புறம் எதுக்குடி இது?"

"புடிச்சிருக்கு."

"இன்னா புடிச்சிருக்கு?"

"மூடறது" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தன் சிம்மை அதில் போட்டுப் பேசிப் பார்க்கலாமா என்று அவள் கேட்க, இது காட்டுவதற்கு வைத்திருக்கும் போன் என்று அவர் முதலில் தயங்கினார். பிறகு ஒத்துக்கொண்டார். "மடிச்சா கால் கட் ஆயிடும், பாத்துக்கோங்க" என்றார்.

"நீ அந்தாண்ட போய் நில்லும்மா. சரியா கேக்குதான்னு பாக்கலாம்."

வாஷிங் மெஷின்களுக்கு நடுவே போய் நின்றேன். என் போன் அடித்தது.

"கேக்குதாம்மா?"

"கேக்குது, கேக்குது. இங்கருந்து இங்க கேக்காதா?"

"காலைல இன்னா துன்ன?"

"பஸ் ஸ்டாண்டுல ஒரு பன்னு."

"பன்னா? நான்தான் ஹாஸ்டல்ல இருந்து எதனா கட்டிகினு வந்திருக்கணும். சரி, வெச்சிடறேன்."

டப்.

அவ்வளவுதான். அந்தச் சத்தம் என் காதுக்குள் விழுந்தது. ஒரு மெஷினைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். "ஏமைந்தம்மா, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே அந்த மனுஷர் தண்ணீர் கொண்டுவந்தார். பாப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் சொல்லாததை அங்கே, விலைச்சீட்டு ஒட்டிய மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து சொன்னேன். அவர் கடைசியாகச் சொன்னது, ஹாரன் சத்தம், செருப்புச் சத்தம், தெலுங்குக் குரல், யாரும் மூடாதது, எல்லாம்.

அவள் அழவில்லை. என் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"குழிக்குள்ள போன் அடிச்சிதே" என்றாள். "அது நான்தாம்மா."

எனக்கு விளங்கவில்லை.

"நீங்கல்லாம் குளிக்கப் போயிருந்தீங்க. உன் போனு சார்ஜ்ல இருந்துச்சி. நைனா போன கூடவே எடுத்துகினு போனாருன்னு பேசிகினாங்க. அடிச்சிப் பாத்தேன். ரிங் போச்சி. போய்ச் சேந்ததும் போன் பண்ணுவாரே, சேந்துட்டேன்னு சொல்லி மூடுவாரே... பேசக்கூட வேணாம், எடுத்து டப்புனு மூடனாப் போதும், சேந்துட்டாருன்னு தெரிஞ்சிக்கலாம்னு திருப்பித் திருப்பி அடிச்சேன். பெரிநைனா வந்து பேய்ன்னு சொன்னதும் பயந்துட்டேம்மா. போன்ல அடிச்சதெல்லாம் அழிச்சிட்டேன்."

இடுகாட்டில் ஆம்பிளைகள் ஒருத்தர் போனை ஒருத்தர் பார்த்தார்களே தவிர, வீட்டில் இருந்த போனை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றது யாரோ என்று நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் குழந்தை. நான் இருந்த அதே வீட்டில், அதே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அடிப்பாவி" என்றேன். "ஊரையே நடுங்க வெச்சிட்டியேடி." சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டதும், "சாதா போனே வாங்கிக்கலாம்மா" என்றாள். "தினமும் நீ அழுதுகினு கெடப்ப."

"வாய மூடு. மடக்கறதையே வாங்கு."

"மண்ணு பூந்துடும்மா."

"தொடச்சி வெச்சிக்கோ. போன் கம்பெனில வேல செய்றவளுக்குத் தெரியாததா?"

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து ஹாஸ்டலில் இறங்கியதும் அவள் கூப்பிட்டாள். "சேந்துட்டேம்மா" என்றாள். கேன்டீன் சாம்பாரைத் திட்டினாள். பதிலுக்கு நான் அவளைத் திட்டினேன். பிறகு, "சரி, வெச்சிடறேன்" என்றாள்.

"இருடி" என்றேன்.

"இன்னாம்மா?"

"நைனா விழுந்த அன்னிக்கி நான் டப்பாவுல இட்லி கட்டித்தான் வெச்சிருந்தேன். நீதான் எடுக்காத ஓடிட்ட."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று கிளம்பிப் போவது கேட்டது.

"தெரியும்மா" என்றாள். "வெச்சிடறேன்."

நான் என் பக்கம் எதையும் அமுக்காமல் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவள் மூடினாள்.