வெத்தலை பாக்கு வச்சு அழைச்ச படம்

பதினோரு மணிக்கு ஹால் நிறைஞ்சு, பக்கவாட்டுல நாற்காலி போட்டோம். பன்னெண்டேகாலுக்கு எண்ணி இருபது பேர் இருந்தாக. படம் பாதிகூட ஓடலை. தப்பு யாருதுன்னு கேட்டா, என்னுதுதான். கம்பத்துல ஒரு தியேட்டருக்கு முப்பது வருசத்துக்கு மேல மேனேஜரா இருந்தவன் செஞ்ச தப்பு. தொழிலுக்குப் புதுசா வர்றவுக தெரிஞ்சுக்கட்டும்னு எழுதுறேன்.

1. அழைப்பு

ஈஸ்வரி மார்க்கையன்கோட்டைப் பொண்ணு. அப்பாவுக்கு வாழை விவசாயம். நாலு வருசம் அலைஞ்சு சொந்தமா ஒரு படம் எடுத்திருந்துச்சு. பெரிய நடிகர் யாரும் கிடையாது. ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பொம்பளையாளுகளை ஏத்திக்கிட்டுக் கேரளாவுக்குப் போன ஜீப்பு, ஒருநாள் சாயங்காலம் ஊர் திரும்பலை. அதுதான் கதை.

ரிலீசுக்கு எங்க தியேட்டர் ஒண்ணுதான் கிடைச்சிருந்துச்சு. அதுவும் காலைக்காட்சி மட்டும். மதுரை விநியோகஸ்தர் ஒருத்தர் ஒரு வழி சொன்னார். "ரிலீசுக்கு முன்னாடி ஓசியா ஒரு ஷோ போடுங்க. நான் பால்கனியில இருந்து பாக்குறேன். சனம் கடைசி வரைக்கும் உக்காந்துச்சுன்னா மத்த ஊர்லயும் எடுத்துப் போடுறேன்."

வாட்ஸப்புல போடலாம்னு ஈஸ்வரி சொல்லுச்சு. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. "அதைப் பாத்து எவன் வருவான் ஆத்தா? நேருல போயி அழைச்சாத்தான் நம்மாளுக வருவாக"ன்னேன். அப்பாவும் மகளும் தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, வீடு வீடாப் போயி அழைச்சாக. படத்துல நடிச்ச தோட்டத்து ஆளுக வீட்டையும் விடலை.

2. முகூர்த்த நாள்

ஷோ போட்ட ஞாயித்துக்கிழமை முகூர்த்த நாள். காலண்டரை நான் பாக்கலை. பட்டுச்சேலையும் வெள்ளை வேட்டியுமா வந்தாக. வாசல்ல ஈஸ்வரியை நிப்பாட்டி, "வர்றவுகளைக் கும்புட்டு வரவேத்துக்க ஆத்தா"ன்னு சொன்னதும் நான்தான். வந்தவுக அதுகிட்ட நலம் விசாரிச்சாக, உள்ள போயி உக்காந்தாக, அரைமணி நேரம் கழிச்சு எந்திரிச்சாக. ஒரு ஆள் சொல்லாமப் போகலை.

"வந்துட்டோம் ஆத்தா, கிளம்புறோம். சின்னமனூர்ல ஒரு கல்யாணம் இருக்கு."

"படம் முடியலையே பெரியப்பா. இருந்து பாத்துட்டுப் போங்க."

"இருக்கட்டும்த்தா. நீ சொன்னதே பாத்த மாதிரி."

சாப்பிட்டுப் போங்கன்னு விசேச வீட்டுல சொல்லுவோமே, அதுமாதிரி எடுத்துக்கிட்டாக. மூணு கல்யாணத்துக்கு நடுவுல எங்க படத்துக்கும் தலையைக் காட்டிட்டுப் போறாக. பாண்டியம்மான்னு ஒரு அம்மா, நெசமாவே தோட்டத்து ஜீப்புல போறவுக, படத்துலயும் ஜீப்புல உக்காந்திருக்கிறவுக. அவுகளும் எந்திரிச்சு வந்து ஈஸ்வரி கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுக் கிளம்பிட்டாக.

மதுரைக்காரர் இறங்கி வந்தார். "படம் ஓடும்போதே சனம் போகுதேய்யா. இதை எந்த ஊர்ல போடச் சொல்றே?"

"படம் பிடிக்காமப் போகலைங்க. முகூர்த்தத்துக்குப் போகுது."

"நல்லாச் சமாளிக்கிறே"ன்னுட்டுக் காரெடுத்துட்டார்.

மிச்சப் படத்தை ஈஸ்வரி கடைசி வரிசையில உக்காந்து பாத்துச்சு. முடிஞ்சதும், "அவ்வளவு மோசமாவா அண்ணே எடுத்திருக்கேன்?"னு கேட்டுச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. லைட்டைப் போடச் சொன்னேன்.

3. வெள்ளிக்கிழமை

மறுநாள்ல இருந்து தியேட்டர் போன் அடிச்சுச்சு. "ஏய்யா, அந்த ஜீப்பு திரும்பி வந்துச்சா?" இதே கேள்விதான். ஈஸ்வரி வெறுத்துப்போயி, "சொல்லிருங்க அண்ணே, இனிமே என்ன இருக்கு"ன்னுச்சு. நான் சொல்லலை. "வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுத்துப் பாருங்க"ன்னு வச்சிட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ரெண்டு ஜீப்பு வந்து நின்னுச்சு. அந்நேரத்துக்கு மலையில இருக்க வேண்டிய ஜீப்பு. பாண்டியம்மாவும் கூட வேலை பாக்குற பொம்பளைகளும் லீவு போட்டு இறங்கினாக. கட்டியிருந்தது வேலைச்சேலை. அவுகளுக்குப் பின்னாடி, போன ஞாயித்துக்கிழமை வந்த முகமா கவுண்டர்ல நிக்குது.

ஈஸ்வரி வாசலுக்கு ஓடிவந்து கும்புட்டுச்சு. பாண்டியம்மா அது கையைத் தட்டிவிட்டாக. "அன்னைக்கு உன் விசேசம், உனக்காக வந்தோம். இன்னைக்குப் படம் பாக்க வந்திருக்கோம். வழியை விடு ஆத்தா."

அன்னைக்குப் படம் முடியுற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கலை. ஜீப்பு வந்துச்சா இல்லையான்னு இங்கயும் சொல்லமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதுரைக்காரர் போன் பண்ணினார். "இன்னும் கூட்டம் வருதாமே? ஒரு பாஸ் எடுத்து வையி, வந்து பாக்குறேன்." பாஸ் கிடையாதுங்க, டிக்கெட் எடுக்கணும்னேன். முணுமுணுத்துக்கிட்டே வந்து எடுத்தார். முடிய உக்காந்தார். வெளிய வந்து என்கிட்டப் பேசலை, நேரா ஈஸ்வரிகிட்டப் போயி, "தேனியில இருந்து ஆரம்பிப்போம்மா"ன்னார்.

அதுக்கப்புறம் ஓசி ஷோ போட வந்த டைரக்டர்களுக்கு எல்லாம் நான் சொன்னது ரெண்டுதான். காலண்டரைப் பாருங்க. வாசல்ல நிக்காதீக. உங்க முகத்தைப் பாத்துட்டாப் போதும், வந்த வேலை முடிஞ்சதுன்னு போயிருவாக.