மண்டியில் நடந்த அட்டை வகுப்பு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செஞ்சியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறேன். நாற்பதைத் தாண்டியதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதுதான் மண்டிக்காரர்கள் சேர்ந்து வெளியூரிலிருந்து ஒரு வாத்தியாரை வரவழைத்தார்கள். சரக்கு விவரங்களை அட்டையில் பதிந்து, வேண்டும்போது தேடி எடுக்கும் முறையைக் கற்றுத்தர வந்தார். வகுப்பு தேறினால் அட்டை பார்க்க என்னையே வைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். உட்கார்ந்து செய்யும் வேலை. அந்த ஆசையில் கடைசி வரிசையில் இடம்பிடித்தேன்.

அட்டை ஓரம் முழுக்கத் துளைகள். ஒரு விவரத்துக்கு ஒரு துளை. அந்த விவரம் உள்ள அட்டையில் துளையை ஓரம்வரை வெட்டிவிட வேண்டும். கட்டுக்குள் நீள ஊசியை விட்டுத் தூக்கினால் வெட்டிய அட்டைகள் மட்டும் கீழே விழும். இதன் தத்துவத்தையே வாத்தியார் நாள்கணக்கில் பேசினார்.

வல்லத்து வியாபாரி ஒருவர் கேட்டார்: "சார், எந்த ஊரு மல்லாட்ட ஈரமா வருதுன்னு இது சொல்லுமா?"

"அதெல்லாம் பின்னாடி. முதல்ல தத்துவம் புரியணும்."

"நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள என் சரக்கு மொளச்சிடும் சார்."

மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. வாத்தியார் பயந்துபோய்த் தத்துவத்தை அடியோடு விட்டார். "இன்னிக்கு வியாபாரம்தான். நேத்து மூட்டை என்ன விலைக்குப் போச்சு? சொல்லுங்க, வெட்டலாம்" என்றார்.

எங்கள் மண்டியில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். கடைசியில் என் முதலாளி எழுந்துபோய், வாத்தியார் கைமேல் துண்டைப் போட்டு விரலைப் பிடித்தார்.

"என்ன சொல்றீங்க?"

"சொல்லிட்டனே சார். இன்னொரு தபா புடிக்கட்டுமா?"

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"அது எப்டி சார், எதிர்க்கடைக்காரர் குந்தினு இருக்காரே."

"சொல்லு மாமா, நானும் தெரிஞ்சிக்கிறேன்" என்றார் எதிர்க்கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. விலை வெட்டாத அட்டைக் கட்டை ஊசியில் தூக்கிக் காட்டினார். ஒன்றும் விழவில்லை.

முறையை மட்டும் சொன்னபோது வியாபாரிகளுக்கு ஒட்டவில்லை. வியாபாரத்தைக் கேட்டபோது அவர்கள் திறந்து காட்டவில்லை. இரண்டையும் சேர்த்துக் கற்றுத்தர அவருக்கு வழி தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

அன்று மாலையே அவர் திண்டிவனம் பஸ் ஏறிவிட்டார். அட்டை வேலையைப் பற்றி முதலாளி பிறகு பேசவில்லை. மறுநாள் காலை சிங்கவரத்திலிருந்து சரக்கு வந்தது. குனிந்தேன், முதுகில் மூட்டையை ஏற்றினார்கள். இப்போதும் ஏற்றுகிறார்கள்.

1967, தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.