பட்டு கட்டிய பதினாறு ஏழைகள்

எங்கள் மகளிர் குழுவுக்குக் கடன் தரலாமா என்று பார்க்க பேங்கிலிருந்து ஆபீசர் வருகிறார் என்றதும், நாங்கள் எடுத்த முதல் முடிவு எல்லோரும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போவது என்பதுதான். கடன் கேட்கப் போகிறவர்கள் எப்படிப் போக வேண்டும் என்று ஊர் உலகத்துக்கே தெரியும். எங்கள் பதினாறு பேருக்கு மட்டும் தெரியவில்லை. ஊரே பட்டு நெய்கிறது, வெளியூர் ஆபீசர் முன்னால் நைலக்ஸ் சேலையில் போய் உட்கார்ந்தால் ஆரணி மானம் என்ன ஆவது என்று ஒருத்தி கேட்டாள். மானம் என்று வந்துவிட்டால் எங்கள் தெருவில் யாரும் யோசிப்பதில்லை. நானும் பலமாகத் தலையாட்டினேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அந்த ஒரு வருஷமும் வாரம் தவறாமல் கூடிச் சேமித்திருந்தோம். வாரம் தவறாமல் என்பது மற்றவர்களுக்கு. நான் வாரம் தவறாமல் கூட்டத்துக்கு வந்தேன், அவ்வளவுதான். வந்து ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். சந்தாவுக்குப் பதில் சிரிப்பை வரவு வைத்துக்கொள்ள முடியாது என்று குழுவை நடத்தும் எங்கள் ஊக்குநர் பலமுறை சொல்லிவிட்டாள். பிளஸ் டூ படித்த பெண், கணக்கில் கறார்.

பேங்க் கடன் வந்தால் எனக்கு வீட்டுக்கூரைக்கு ஷீட் மாற்ற வேண்டும். இன்னொருத்திக்குக் கறவை மாடு. ஆனால் என் எதிர்வீட்டுக்காரிக்கு அது கூரையும் இல்லை, மாடும் இல்லை, பிழைப்பு. அவள் வீட்டில் இருந்த தறி அவளுடையதல்ல, முதலாளியுடையது. பாவு நூலும் ஜரிகையும் அவர் கொடுப்பார், டிசைனும் அவர் சொல்வார், நெய்து கொடுத்தால் கூலி. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் புருஷன் வாங்கிய முன்பணம் கூலியில் பிடித்துப் பிடித்தும் கரையாமல் நின்றது. அது தீரும்வரை வேறு யாருக்கும் நெய்யக் கூடாது. அவருக்குப் பிடிக்காமல் போனால் சாயங்காலமே ஆள் அனுப்பித் தறியைக் கழற்றி எடுத்துப் போய்விடுவார். எங்கள் தெருவில் அப்படி இரண்டு வீடுகளில் நடந்திருந்தது. குழுக்கடன் வந்தால் முன்பணத்தை அடைத்துவிட்டுச் சொந்தமாக ஒரு பழைய தறி வாங்க வேண்டும் என்று அவள் எல்லாக் கூட்டத்திலும் சொல்வாள்.

கூட்டம் பஜனைக் கோயிலில். நான் என் கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தேன். புடவை உடம்புக்கேற்ப வளைந்து கொடுக்கும், ரவிக்கை கொடுக்காது. அதனால் பக்கத்து வீட்டு அக்காவின் ரவிக்கையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, மூச்சை அளவாக விட்டபடி பாயில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரி கடைசியாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாம்பழ மஞ்சள் புடவை, அகலமான அரக்குக் கரை. அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததே இல்லை. சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கண்ணில் பட்டுவிட்டது. முந்தியின் ஓரத்தில் இன்னும் முடிச்சுப் போடாத பாவு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மஞ்சளையும் அரக்கையும் பத்துப் பதினைந்து நாளாக அவள் தறியில்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டென்று அந்த நூலை என் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"இன்னாடி இது, தறியில அறுத்ததா?" என்றேன் காதோடு.

"நேத்து அறுத்தேன்க்கா. நாளிக்குத்தான் குடுக்கணும். பதனமா கட்டிகினு, பதனமா மடிச்சு வெச்சிடறேன்."

"புத்தி கித்தி கெட்டுப் போச்சா உனுக்கு?"

"எல்லாரும் பட்டுன்னீங்க. எங்கிட்ட ஏதுக்கா பட்டு?"

 அவள் தேவிகாபுரம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். காணி நிலம் இல்லாத வீடு. கல்யாணத்துக்கே நைலக்ஸ்தான் எடுத்தார்களாம். எங்கள் தெருவுக்கு வந்துதான் நெசவு கற்றுக்கொண்டாள். எத்தனையோ மணப்பெண்கள் உடுத்தியதை அவள் கை நெய்திருக்கிறது. அவள் உடம்பில் பட்டு பட்டது அன்றைக்குத்தான்.

நெய்கிற எங்களுக்குத் தெரியும், நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்த புடவையைக் கட்டிப் பார்ப்பது என்பது சோற்றுப் பானையில் காலை விடுவது மாதிரி. ஒரு முறை இடுப்பில் செருகினால் மடிப்பு சொல்லிவிடும், வியர்வை சொல்லிவிடும். கோயில் கருவறைக்குப் பின்னால் ஒரு சின்ன சாமான் அறை உண்டு. அங்கே போய் என் புடவையை அவளுக்குக் கட்டிவிட்டு, நான் அங்கே கிடக்கும் பழைய ஜமக்காளத்தைச் சுற்றிக்கொண்டு வயிற்றுவலி என்று பின்பக்கமாக வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று திட்டம் போட்டேன். வாழ்க்கையில் நான் போட்ட ஒரே உருப்படியான திட்டம். இரண்டு பேரும் எழுந்திருக்கப் போகும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. ஆபீசர் இறங்கினார். அவருக்குப் பின்னால் வெள்ளை வேட்டியில் முதலாளி வந்தார்.

அவர் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் பஜனைக் கோயிலுக்கு அவர்தான் தர்மகர்த்தா. அவர் இடத்துக்கு அவர் வருவதை யார் கேட்பது? ஆபீசர் மரியாதையாகப் பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னார்.

நான் அவளை மறைத்து உட்கார்ந்தேன். என் உடம்பு ஊருக்கு உபயோகப்பட்டது அன்றைக்குத்தான். முதலாளி இடதுபக்கம் பார்த்தால் நான் இடதுபக்கம் சாய்ந்தேன், வலதுபக்கம் பார்த்தால் வலதுபக்கம். ஊக்குநர் என்னை முறைத்தாள். அதற்குள் யாரோ டீ கொண்டு வந்தார்கள். வரிசையாகக் கைமாறி வந்த டம்ளர் அவள் மடிக்கு மேலே ஒரு கணம் நின்று தளும்பியது. நான் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு வெந்து போனது. அவள் டம்ளரையும் வாங்கிக் குடித்தேன். அலைகிறாள் பார் என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னது கேட்டது.

ஆபீசர் டீயைத் தொடவில்லை. எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முகத்தில் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது.

"என்னம்மா, எல்லாரும் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வந்திருக்கீங்க. இது ஏழைப் பொம்பளைங்களுக்கான கடன். இங்க யாரு ஏழை?"

ஒரு வாயும் திறக்கவில்லை. அமைதி என்றால் எனக்கு ஆகாது, ஏதாவது போட்டு நிரப்ப வேண்டும். ஆரணியில் பிச்சைக்காரன்கூடப் பட்டு கட்டித்தான் கையேந்துவான் சார் என்று சொல்லிச் சிரித்தேன். கூடச் சிரித்தது முதலாளி மட்டும்தான். சிரித்து முடித்து, எங்கள் கழுத்தில் கத்தி வைக்கிற குரலில் இல்லை, ரொம்ப அன்பாகச் சொன்னார்.

"எங்க தெருவுல யாருக்கும் ஒரு கொறையும் இல்லீங்க சார். நல்லது கெட்டதுக்கு நான் பாத்துக்கறேன். இவங்களுக்கு பேங்கு, கடன், வட்டியெல்லாம் எதுக்கு, பேஜாரு."

ஆபீசர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். ஒரு வருஷம் அந்தப் பையோடு போகப் போகிறது என்று தெரிந்தது. மாடு போயிற்று, கூரை போயிற்று. ஏழை என்று சொல்லிக்கொள்ளப் பதினாறு பேரில் ஒருத்திக்கும் நாக்கு எழவில்லை. கட்டியிருந்த புடவை விடவில்லை. சரி, மேலதிகாரியிடம் பேசிச் சொல்கிறேன் என்று ஆபீசர் எழுந்தார். அப்படிச் சொல்பவர்கள் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

என் பக்கத்தில் புடவை சரசரத்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். முதுகுப்புறம் முந்தியைப் பிடித்து இழுத்தேன். அறுத்த புடவையாயிற்றே, கிழிந்தால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

முதலாளியின் கண் கரைமேல் விழுந்தது. அந்த அரக்குக்குக் கலர் சொல்லிச் சாயம் போட வைத்தவரே அவர்தான்.

"சார், இந்தப் பொடவ என்னுது இல்லீங்க" என்றாள்.  "இதோ உக்காந்துகினு இருக்காரே, அவருது. நான் நெய்ஞ்சது. எனுக்குன்னு பட்டு கெடையாது. எல்லாரும் கட்டிகினு வராங்கன்னு கட்டிகினு வந்துட்டேன். வூட்டுல ரெண்டு நைலக்ஸ் இருக்குது, வந்து பாருங்க. தறியும் அவருதுதான். எனுக்கு ஒரு தறி வேணுங்க சார்."

முதலாளி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பயம் குறைந்திருக்கும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சாயந்திரம் ஆளு வருவாங்கம்மா" என்றார். "பொடவய நீயே வெச்சுக்கோ. கட்டுன பொடவய நான் யாருக்கு விக்கறது? கணக்குல எழுதிக்கறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆள் எதற்கு வருவார்கள் என்று ஆபீசர் கேட்டார். தறியைக் கழற்ற என்று அவள் சொன்னாள். அவர் மறுபடி உட்கார்ந்தார். எங்களைப் பார்க்காமல், மற்ற புடவைகள் யாருடையவை என்று கேட்டார்.

அப்புறம் கொட்ட ஆரம்பித்தது. ஒருத்தி கட்டியிருந்தது நாத்தனாருடையது. ஒருத்தியுடையது காலையில் சேட்டின் அடகுக் கடையிலிருந்து மீட்டது, சாயங்காலம் திரும்ப வைக்க வேண்டும். எங்களை அதட்டிக்கொண்டிருந்த ஊக்குநர் கட்டியிருந்தது அவள் அம்மாவுடையது, உள்பக்கம் ஒரு முழம் ஒட்டுப் போட்டது. என் முறை வந்தது. புடவை என்னுடையதுதான் சார், ஜாக்கெட்தான் பக்கத்து வீட்டுது என்றேன். அதற்கு அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பேனாவை எடுத்தார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை, கடன் உண்டு என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் சொன்னபடி ஆட்கள் வந்தார்கள். நாங்கள் பதினைந்து பேரும் அவள் வாசலில் நின்றோம். நின்று என்ன, அவர் தறியை அவர் எடுக்கிறார். தறியின் அச்சுமரம் வாசற்படியில் இடிக்கும்போது, பார்த்து எடுங்கப்பா என்று அவளே சொன்னாள். ராத்திரி களம்பூர் ரைஸ் மில்லிலிருந்து வேலை முடிந்து வந்த அவள் புருஷன் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டானாம்.

அதன்பின் அவள் வீட்டில் தறியில்லாமல், அதற்குக் கீழே கால் வைக்கத் தோண்டிய குழி மட்டும் கிடந்தது. போகும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் அதற்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். ஹோட்டலுக்குக் கூலிக்கு உரித்துக் கொடுத்தாள். மத்தியானத்தில் நான் சமைக்கிற நேரம் என் தறியில் வந்து நெய்யச் சொன்னேன், அந்த நேரத்துக் கூலி அவளுக்கு. அவள் நெய்த இடம் எது, நான் நெய்த இடம் எது என்று என் புருஷன் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். எனக்கு அது சந்தோஷமாக இல்லை.

கடன் வந்தது, கேட்டதில் பாதிதான். பதினாறாகப் பிரித்தால் ஒருத்திக்கும் ஒன்றுக்கும் ஆகாது. கூட்டத்தில் எல்லோரும் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். மழைக்காலம் வேறு. ஷீட்டின் ஓட்டைகளுக்கு நேராக எங்கள் வீட்டில் எந்தெந்தப் பாத்திரம் வைப்பது என்று எனக்கு மனப்பாடம். மாடு கேட்டவள்தான் முதலில், மொத்தத்தையும் தறி கேட்டவளுக்கே கொடுத்துவிடலாம், அவள் கட்டி முடித்தபின் அடுத்தவள் என்றாள். கைகள் ஒவ்வொன்றாகத் தூக்கப்பட்டன. என் கை கடைசியாகத்தான் எழுந்தது. ரவிக்கை இறுக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

முன்பணத்துக்கும் மஞ்சள் புடவைக்கும் சேர்த்து முதலாளிக்குக் கட்டியதுபோக மீதியில் தேய்ந்துபோன ஒரு தறி வந்து குழியில் உட்கார்ந்தது. பட்டும் ஜரிகையும் கடையில் தவணைக்கு. முதல் புடவை அறுத்ததும் அதை விற்கப் போக வேண்டும். மற்ற வியாபாரிகள் முதலாளிக்குப் பயந்து கைவிரித்தார்கள். எனவே அவரிடமே போனாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். அவர் கடைப்படியில் அவளை முன்னால் விட்டு நான் பின்னால் ஏறினேன்.

முதலாளி புடவையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். கரையை நகத்தால் நிமிண்டினார். ஜரிகையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த கணக்குப்பிள்ளையிடம், "கூலி போட்டு அனுப்பு" என்றார், தலை நிமிராமல்.

"கூலி இல்லீங்க மொதலாளி. வெல."

அப்போதுதான் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒரு தொகை சொன்னார். பட்டு, ஜரிகைச் செலவுக்கே அது பத்தாது. அவள் தன் தொகையைச் சொன்னாள். அவர் புடவையை எங்கள் பக்கம் தள்ளினார். அவள் நிதானமாக, மடிப்புக்கு மடிப்பு வைத்து மடித்தாள். அந்த மடிப்பு முடிவதற்குள் எனக்கு ஒரு ஆயுசு கழிந்தது. கொஞ்சம் இறங்கி வாடி என்று இடித்தேன். அவள் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தெருவில் நடக்கும்போது, "திரும்பிப் பாக்காதக்கா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

எனக்கு மனசு திரும்பித் திரும்பிப் பார்த்தது. முகூர்த்த மாசம், கடையில் ஆட்கள் நிற்கிறார்கள், அவருக்கும் சரக்கு வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். கூப்பிடாவிட்டால் பூண்டுதான். டீக்கடை தாண்டினோம், சைக்கிள் கடை தாண்டினோம். பின்னால் யாரோ வேகமாக வருகிற சத்தம். கணக்குப்பிள்ளை, செருப்புகூட இல்லாமல், மூச்சிரைக்க வந்து நின்றார். அவள் சொன்ன விலைக்குக் கொஞ்சம் கீழே ஒரு விலை சொன்னார். அவள் இல்லை என்று தலையசைத்துவிட்டு, ஜாக்கிரதையாக, தன் விலையில் ஒரே ஒரு படி இறங்கினாள். அவர் சரியென்றார்.

அந்த வாரக் கூட்டத்தில் முதல் தவணையை அவள்தான் கட்டினாள். ஊக்குநர் எல்லோரையும் கைதட்டச் சொன்னாள். நானும் பலமாகத் தட்டினேன். தட்டி முடித்ததும், சந்தாவை எப்போது தரப் போகிறேன் என்று என்னைக் கேட்டாள்.