திருப்பிப் பார்த்த சீட்டு

விளையாட்டுக்குள்ளே அல்லாஹ்வின் பெயரைக் கொண்டுவந்தது யார்? ஜவாத்தின் கப்றில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்த பிறகும் நஸீருக்கு அந்தக் கேள்வி ஆறவில்லை.

ஜவாத் சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் ஏலம் கூறியவன். அவன் தொண்டையைத் திறந்தால் கல்முனைச் சந்தையில் கேட்கும் என்பார்கள். மற்றவர்கள் நெத்தலிக்கும் சாளைக்கும் வாய்க்கு வாய் சத்தியம் பண்ணுவார்கள். இவன் பண்ணமாட்டான். நேற்றைய மீன் என்றால் நேற்றையது என்றே கூவுவான். அப்படிப்பட்ட மனிதன் காட்ஸ் கட்டைக் கையில் எடுத்துப் புளுகு விளையாட உட்கார்ந்தால் முழுப் பொய்யனாகிவிடுவான்.

ஏலம் முடிந்து, நஸீர் தன் சின்ன லொறியில் மீன் பெட்டிகளைச் சந்தையில் இறக்கிவிட்டு வந்ததும், கூட்டாளி மசூரின் மீன்வாடிக் குடிலுக்குள் மூவரும் குந்துவார்கள். பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை எழும்ப மாட்டார்கள். சீட்டைக் கவிழ்த்து வைத்து, ‘ரெண்டு ஏழு’ என்று சொல்ல வேண்டும். உள்ளே என்னவும் இருக்கலாம். நம்பாதவன் திருப்பிப் பார்க்கலாம். பொய்யென்றால் வைத்தவன் குவியலை அள்ள வேண்டும், மெய்யென்றால் திருப்பியவன் அள்ள வேண்டும். கைச்சீட்டு முதலில் முடிந்தவன் வென்றவன். காசு வைப்பதில்லை, அது ஹறாம். கடைசியாகத் தோற்றவன் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். ஜவாத் தோற்று ஊற்றிய தேத்தண்ணியை நஸீர் ஒருநாளும் குடித்ததில்லை. நஸீர் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். மசூர் அந்தக் காதைப் பார்த்தே விளையாடுவான்.

ஒருநாள் ஜவாத்தின் கையில் மூன்றே சீட்டு மிச்சம். கவிழ்த்து வைத்து, மூன்று ராசா என்றான். நஸீர் கையை நீட்டினான்.

“வல்லாஹி, மூணும் ராசாதான்.”

மசூர் வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டான். அந்த வாடியில் அதுவரை யாரும் விளையாட்டுக்குச் சத்தியம் பண்ணியதில்லை. நஸீர் திருப்பினான். மூன்றும் ராசா.

வென்றவன் சிரிக்கவில்லை. “சத்தியம் பண்ணின பொறகும் பாத்துட்டாய், என்ன?” என்று கேட்டான். சாரனை உதறிக்கொண்டு எழும்பிப் போனான்.

அதற்குப் பிறகு அவன் வாடிப் பக்கம் வரவேயில்லை. ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் வரும், அதற்கு மேல் ஒரு சொல் வராது. மசூர் கொஞ்சக் காலம் இருவருக்கும் நடுவில் நடந்து பார்த்துக் களைத்து, பொத்துவிலுக்குப் போய்த் தேத்தண்ணிக் கடை போட்டான். திருப்பிப் பார்ப்பதற்குத்தானே அந்த விளையாட்டு என்று நஸீர் தனக்குள் வருடக்கணக்காக வழக்குப் பேசினான். லுஹருக்கு முந்திய அந்த நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் லொறியைக் கழுவினான். ஊரிலேயே நாற்றமில்லாத மீன் லொறி அவனுடையதுதான்.

போன மாரியில் ஜவாத்தின் கிட்னி பழுதாகிவிட்டது. அவன் பெண்சாதி றாஹிலா சந்தியில் லொறியை மறித்து, மனிசன் ஒருவரோடும் கதைக்கிறாரில்லை, வந்து ஏசிவிட்டாவது போங்கள் என்றாள்.

நஸீர் போனான். காட்ஸ் கட்டைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான், வெளியே எடுக்கத் தைரியம் வரவில்லை. ஏலம் கூறிய குரல் கொசு முனகுவது போல் ஆகியிருந்தது.

“பொக்கற்றுக்குள்ள என்ன, முட்டையா? எடுத்துப் போடு.”

ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இருவர் மட்டும் விளையாடினால், தன் கையில் இல்லாதது அத்தனையும் மற்றவன் கையில் என்று தெரிந்துவிடும். ஜவாத் மூன்று ஆறு என்று வைத்தான். நாலு ஆறும் நஸீரிடம் இருந்தன. அவன் திருப்பாமல் தன் சீட்டை எடுக்கப் போனான்.

“ஆறு நாலும் ஒண்ட கையில. என்னத்துக்குத் திருப்பல்ல?”

“திருப்பினாலும் கோவம், திருப்பாட்டியும் கோவம். ஒன்னோட எப்பிடிடாப்பா விளையாடுற?”

“நோயாளியெண்டு விட்டுத்தாறியா? அதுக்குத் தோடம்பழம் கொண்டுவந்திரிக்கலாமே.”

நஸீர் படாரென்று திருப்பினான். ஒன்றும் ஆறில்லை. ஜவாத் சிரித்து, இருமி, மறுபடி சிரித்துக் குவியலை அள்ளினான். வாசலில் வந்து நின்ற றாஹிலா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று ஜவாத் தோற்றான். எழும்ப ஏலாமல் றாஹிலாவைத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னான். அது செல்லாது என்று நஸீர் சண்டை பிடித்தான். பழைய கதையை இருவரும் வாயால் எடுக்கவில்லை.

பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. நஸீர் எழும்பும்போது ஜவாத் அவன் கையைப் பிடித்தான். மௌத்தாகுமுன் ஜவாத் அவனிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

“ரெண்டு பேரெண்டா பொய் சொல்ல ஏலாது மச்சான், ருசியில்ல. வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய பொத்துவிலுக்குப் போய் மசூரக் கூட்டிக்கொண்டு வா. கடையப் பூட்ட மாட்டன் எண்டுவான். லொறியில தூக்கிப் போட்டுக்கொண்டு வா.”