மூன்றாவது வளைவில் ஒரு சாண் மண்

போன திங்கட்கிழமை காலை, பாரிஸ் மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ வாசலில் ஒரு வாசகர் என்னைப் பிடித்துக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. சப்பாத்தைத்தான் பார்த்தார்.

"என்ன அண்ணை, எங்கையும் விழுந்தனீங்களோ?"

சப்பாத்தில் சேறு. காற்சட்டை விளிம்பிலும் சேறு. முதல் நாள் கழுவியதாகத்தான் ஞாபகம்... காட்டுச் சேறு அவ்வளவு சுலபத்தில் போகாது போலிருக்கிறது.

"விழேல்லைத் தம்பி. ரோட்டுப் போட்டனான்."

"இந்தக் குளிருக்கை ரோட்டோ? நகரசபையிலை வேலை எடுத்திட்டியளோ?"

"சைக்கிள் ஓடுற ரோட்டு. காட்டுக்குள்ளை."

மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டிலை எல்லாரும் சுகம்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவசரமாகப் படியிறங்கிப் போய்விட்டார். பாவம், பயந்துவிட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

என் மகள் தர்சிகாவை உங்களில் பலருக்குத் தெரியும். அவளைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதிவிட்டு, அவளிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் தெரியும். வயது இருபத்தாறு. பொபினியில் ஓர் அலுவலகத்தில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒழுங்காக இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால், தடித்த டயர் போட்ட சைக்கிளோடு காட்டுக்குப் போய், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு — வேர், கல், சரிவு என்று எதையும் பாராமல் — இறங்குவாள். மலைச் சைக்கிளாம். பாரிஸைச் சுற்றி மலை எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். "மேடு போதும் அப்பா" என்றாள்.

போன வசந்தகாலத்தில் அந்த மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் விழுந்தாள். மேலிருந்து மூன்றாவது வளைவு. வளைவுக்கு வெளிப்பக்கம் சரிவு. சைக்கிளோடு அதற்குள் போனவளுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் வலது கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, இடது கையால் கரண்டி பிடித்துச் சோறு சாப்பிட்டாள். தலைமயிரை வாரி இழுத்துக் கட்டுவதற்கு அம்மா வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை கரண்டியோடு படுகிற பாட்டைப் பார்த்து நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். எழுதுவதற்கு வெட்கமில்லை.

ஆனால் வெளியே என்ன செய்தேன்? தகப்பன்மார் செய்கிற வேலையைச் செய்தேன். பொண்டியில் நாங்கள் இருக்கிற கட்டடத்துக்குக் கீழே, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிலவறை உண்டு. சைக்கிளை அதற்குள் வைத்து, லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கிப் பூட்டினேன். சாவியை அரிசி வாளிக்குள், அடியில், புதைத்து வைத்தேன்.

தர்சிகா சண்டை பிடிக்கவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

ஒக்டோபர் கடைசியில் ஒருநாள் வாஷிங் மெஷின் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. கதவு ரப்பரை விரித்துப் பார்த்தால், மடிப்பு முழுக்கச் சேறு. இரண்டு காய்ந்த இலை. ஒரு குட்டிக் கல். பொபினி அலுவலகத்தில் இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

நேரே நிலவறைக்கு ஓடினேன். பூட்டு அப்படியே தொங்குகிறது. நல்ல பூட்டு. திறந்து பார்க்கச் சாவி வேண்டுமே... மேலே வந்து அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி சாந்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"தேடாதையுங்கோ. சாவி என்ரை கைப்பையுக்கை கிடக்கு."

"எப்ப எடுத்தனீர்?"

"நீங்கள் போட்ட அடுத்த நாள். அரிசிக்குள்ளை சாவியைப் போட்டிட்டு, நெடுக அரிசி அளக்கிற என்னட்டை ஒளிச்சனீங்களோ?"

சைக்கிள் கோடையிலேயே நிலவறையை விட்டுப் போய்விட்டதாம். இத்தனை மாதம் வெறும் அறையைத்தான் அந்தப் பூட்டுக் காவல் காத்திருக்கிறது.

கோபம் வந்தது, உண்மைதான். ஆனால் கோபத்தைவிடப் பெரிதாக வேறொன்று வந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு கோபம் என்பதுவரை என்னிடம் சொன்ன பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறாள் என்று சொல்லாமல் விட்டிருக்கிறாள். கேட்காமலிருந்தது நான்தானே?

சாந்தி சாப்பாட்டு மேசையில் ஒரு தீர்ப்புச் சொன்னாள். "அவளை நிப்பாட்டேலாது. குளிர் முடியுமட்டும் காட்டுக்குள்ளை அந்தச் சைக்கிள்காரர் பாதை திருத்தினமாம். பயமெண்டால் நீங்களும் போங்கோவன். மண்வெட்டி பிடிக்கத் தெரியும்தானே?"

தர்சிகா என்னைப் பார்த்தாள். அவள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் பிரெஞ்சுதான். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், இருவருக்கும் விளங்கும். அவள் தமிழுக்கு மாறினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அன்று தமிழில்தான் சொன்னாள்.

"வாங்கோ. ஆனால் அங்கை வந்து கத்தக்கூடாது."

கத்தமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

பொண்டியிலிருந்து ட்ராம், பிறகு கொஞ்சம் நடை. காட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் மண்வெட்டி, வாருகோல், வாளிகளோடு நின்றார்கள். தலைவி மர்த்தீன் என்றொரு பிரெஞ்சு அம்மா. ஓய்வுபெற்ற தபால்காரி. என்னைவிட ஐந்து வயது மூப்பு, என்னைவிடப் பத்து வயது சுறுசுறுப்பு. தர்சிகாவின் சைக்கிள் கோடை முழுக்க இவருடைய கராஜில்தான் இருந்திருக்கிறது! கள்ளச் சாமான் வைத்திருந்தவருக்குக் கைகொடுத்து வணக்கம் சொன்னேன். வேறென்ன செய்ய?

கை விறைக்கிற குளிரில் ஏன் இந்த வேலை? முதல் நாளே கேட்டேன். கோடையில் மண் புழுதியாக இருக்கும், அடித்தாலும் இறுகாதாம். இப்போது ஈரமண், மிதித்தால் பிடிக்கும். இலை கொட்டிவிட்டதால் நிலத்தின் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும். வசந்தம் வந்தால் பறவைகள் கூடு கட்டும், புதரில் கை வைக்க விடமாட்டார்கள். உறைபனிக் காலையில் நிலம் கட்டியாக இறுகியிருக்கும்போது சைக்கிள் ஓடலாம். வெயிலேறி இளகத் தொடங்கினால் ஒருவரும் ஓடக்கூடாது, பாதை கிழிந்துவிடும். இப்படி ஒழுங்கான சட்டதிட்டங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். தண்ணீர் பாதையில் நிற்கக்கூடாது. பாதையைச் சரிவுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வெட்டவேண்டும். மழைத் தண்ணீர் குறுக்கே கடந்து கீழே இறங்கிப் போய்விடவேண்டும்.

தலையாட்டினேன். விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

நவம்பர், டிசம்பர், ஜனவரி... ஞாயிறுதோறும் போனேன், வேலை செய்கிற கடையில் லீவு கிடைத்த சனிக்கிழமைகளிலும் போனேன். இலை வாரினேன். கல் சுமந்தேன். லா ஷப்பலிலிருந்து மீன் ரோல்ஸ் கொண்டுபோனேன். மர்த்தீன் ஒரேயடியாக மூன்று சாப்பிட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார். பக்கத்தில் பக்கத்தில் நின்று மண் வெட்டும்போது பிள்ளை என்னோடு பேசத் தொடங்கினாள். அலுவலகம், சம்பளம், அவளுடைய மனேஜரின் வாய்... எல்லாம் வந்தது. முகத்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டு பேசுவது எவ்வளவு வசதி!

கடைசியில் மூன்றாவது வளைவு. அகலமாக்கி, சாய்த்து வெட்டி முடித்தோம். ஞாயிறு காலை தர்சிகாதான் முதலில் இறங்கிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அவளே கேட்டு வாங்கிக்கொண்ட உரிமை.

சனிக்கிழமை பின்னேரம் எல்லோரும் புறப்பட்டார்கள். "நீங்கள் போங்கோ, நான் சாமான்களைக் கழுவிப்போட்டு வாறன்" என்றேன். பொய். அந்த வளைவுக்குத்தான் போனேன். வெளிப்பக்கச் சரிவைப் பார்த்தேன். நாளைக்கு என் பிள்ளை வரப்போகும் வழி. இந்தப் பக்கத்தில் ஒரு தடுப்புக்கூட இல்லையே?

இருந்த மண்ணை அள்ளி, வளைவின் விளிம்பு முழுக்க ஒரு சாண் உயரத்துக்கு வரம்பு கட்டினேன். மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி மொழுமொழுவென்று ஆக்கினேன். என் கை ஊரில் வெங்காயப் பாத்திக்குப் பழகிய கை. வரம்பு கட்டுவதில் என்னிடம் ஒரு குறை சொல்ல ஏலாது. சைக்கிள் விலகி வந்தாலும் இது பிடித்துக்கொள்ளும் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அன்றிரவு மழை. விடிய உறைபனி.

காலை எட்டரைக்குத் தர்சிகாவும் மர்த்தீனும் மேட்டுக்குப் போனார்கள். வளைவில் நின்று பார்க்கிற வேலை எனக்கு. போனேன். பார்த்தேன். என் வரம்பு ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே விடவில்லை. வளைவு முழுக்கத் தண்ணீர் நின்று, கண்ணாடி போல உறைந்து கிடந்தது.

சப்பாத்துக் குதியால் வரம்பை உதைத்தேன். அசையவில்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறேன். அதற்குள் மேலேயிருந்து குரல்.

"வாறன்!"

ஓடினேன். பாதை வழியே மேல்நோக்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கடைவாசலில் லொறியை நிறுத்துகிற குரலில் கத்திக்கொண்டு ஓடினேன். "நில்லு பிள்ளை! நில்லு! வராதை!" சத்தியமாவது மண்ணாவது.

இரண்டாவது வளைவில் பிரேக் பிடித்து, பின்சக்கரம் ஒருபக்கம் இழுபட, எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னப்பா?"

"ஐஸ்... வளைவிலை ஐஸ்."

"அங்கை ஐஸ் வராதே. தண்ணி ஓடுற மாதிரித்தானே வெட்டினனாங்கள்?"

"நான் மறிச்சுப் போட்டன்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கி வந்து பார்த்தாள். பின்னால் மூச்சிரைக்க வந்த மர்த்தீனும் பார்த்தார். "அழகாகக் கட்டியிருக்கிறீர்கள், முசியோ. மீன் வளர்க்கலாம்" என்றார்.

தர்சிகா சிரிக்கவில்லை. "ஏன் கட்டினனீங்கள்?"

"நீ விழுந்த இடம். திரும்பவும் அந்தப் பக்கம் போயிடுவாய் எண்டு..." சரிவுப் பக்கம் கையைக் காட்டினேன்.

சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அண்டைக்கு நான் என்னெண்டு விழுந்தனான் தெரியுமோ? இதிலை தண்ணி நிண்டது. சேத்துக்கை டயர் வழுக்கித்தான் வெளியிலை போனது. அதுக்குத்தான் இவ்வளவு நாளும் இந்தப் பாதையைத் திருத்தினனாங்கள்."

எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? விழுந்த நாளிலிருந்து அவளிடம் 'ஏன் போனாய்' என்று கேட்டிருக்கிறேன், ஒரு நூறு தடவையாவது. 'எப்படி விழுந்தாய்' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மண்வெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்களே வெட்டுங்கோ."

வெட்டினேன். பனிக்கட்டி உடைந்தது, அடியிலிருந்த தண்ணீர் சலசலவென்று சரிவில் இறங்கிப் போயிற்று. சேற்றை வழித்தெடுத்து, இலைக்குவியலுக்கு அடியிலிருந்து ஈரம் குறைந்த மண் கொண்டுவந்து போட்டோம். பிறகு நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காலால் மிதித்து இறுக்கினோம். மர்த்தீன் வானத்தையும் கடிகாரத்தையும் பார்த்தபடி நின்றார். வெயில் வருவதற்குள் முடியவேண்டும்.

பிள்ளைகள் விழக்கூடாது என்று நாம் பார்த்துப் பார்த்துச் செய்கிற காரியங்களில், அவர்களை வழுக்க வைத்தவை எத்தனை? மிதிக்கும்போது அதைத்தான் யோசித்தேன். நல்ல மனதோடு செய்தோம் என்பதெல்லாம் டயருக்குத் தெரியுமா என்ன?

"ஓடலாம்" என்றார் மர்த்தீன்.

தர்சிகா மேலே போனாள். மறுபடியும் "வாறன்!" என்ற குரல். சக்கரம் மண்ணில் உரசுகிற சத்தம் கிட்ட வந்தது, இன்னும் கிட்ட... காற்று என் முகத்தில் அடித்தது... பிறகு சத்தம் கீழே, தூரத்தில். விழவில்லை. என் பிள்ளை விழவில்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறி வந்தாள். முகமெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தனீங்களோ?"

"ஓம், வடிவாய்ப் பாத்தனான்."

"அப்ப சொல்லுங்கோ பாப்பம். வளைவிலை பிரேக் பிடிச்சனானோ, இல்லையோ?"

"பிடிச்ச... மாதிரித்தான் கிடந்தது."

"பிடிக்கவேயில்லை! கண்ணை மூடிக்கொண்டுதானே நிண்டனீங்கள்?"

அவள் ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினாள். "நிலம் இன்னும் இளகேல்லை. இன்னொருக்கால் வாறன். இந்த முறை கண்ணைத் திறந்து பாக்கவேணும், சரியோ?"

பார்த்தேன் ஐயா... ஒரு கண்ணால்.