விதைக்கு எடுத்துக்காட்டு

மூன்றாம் வகுப்பில் எங்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுப்பாடம் உண்டு. கடத்தூரிலிருந்து சைக்கிளில் வரும் வாத்தியார், செடியின் ஒரு பகுதியைச் சொல்வார். திங்கட்கிழமை அதற்கு எடுத்துக்காட்டு கொண்டுபோக வேண்டும். இலை என்றால் முருங்கைக்கீரை, கிழங்கு என்றால் சர்க்கரைவள்ளி, காய் என்றால் கத்தரி. ஒன்றே ஒன்று போதாது, கை நிறைய வேண்டும். அவற்றை வைத்துப் பாடம் நடத்தியதாக எனக்கு நினைவில்லை. மேசைமேல் குவிந்ததெல்லாம் சாயங்காலம் பையோடு சைக்கிளில் தொங்கிக்கொண்டு போனது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. இந்த மனிதருக்குத்தான் நாங்கள் தினமும் எழுந்து நின்று வணக்கம் சொன்னோம்.

விதை வாரத்தில் நான் வேலியோரத்து ஆமணக்குக் கொட்டைகளைக் கொண்டுபோனேன். உள்ளங்கையில் பிரம்பால் ஓர் அடி விழுந்தது.

“இதெல்லாம் ஒரு விதையா? விதைன்னா அவரைக்கொட்டை. நாளைக்கு எடுத்துக்கிட்டு வா.”

“பொஸ்தகத்துல ஆமணக்குதாங்க சார் போட்டிருக்குது” என்றேன்.

புத்தகத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

“அது பரிச்சைக்கு. இது வூட்டுப்பாடம்” என்றார்.

யார் வூடு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.