கிணற்றில் மிஞ்சிய தண்ணீர்

சௌந்திரத்துக்குத் தன் நிழல்மீதுகூட நம்பிக்கை கிடையாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவள் புருஷன் இருந்த காலத்தில் ஆழ்துளைக் கிணறு போட ரிக் வண்டி வந்தது. துளை போடும் இரும்பு ராடு ஒவ்வொன்றும் குழிக்குள் இறங்கும்போது ஒரு புளியங்கொட்டையை மடியில் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் வண்டிக்காரன் சொன்ன ஆழத்துக்கும் அவள் மடிக்கும் ஆறு கொட்டை வித்தியாசம். ஆள் தலையைச் சொறிந்தான். அந்தக் குழியில் தண்ணீர் வரவில்லை. சந்தேகம் மட்டும் வற்றாமல் ஊறியது.

புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு போட்ட ஒரு ஏக்கர் காடும், அவளை நங்கையா என்று மரியாதையாகக் கூப்பிடும் கொழுந்தன் குணசீலனோடு பொதுவான கிணறும்தான். ஒருநாள் அவன் முறை, ஒருநாள் இவள் முறை. கிழங்கு தேறினால்தான் அவளுக்கு அந்த வருஷம் சோறு.

இந்தக் கோடையில் குணசீலன் தன் காட்டுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டான். முன்பு நாள் முழுக்க ஓடிய அவன் மோட்டார் அதன்பிறகு ஒரு மணி நேரம்தான் ஓடியது. மறுநாள் சௌந்திரம் எட்டிப் பார்த்தால் கிணற்றில் இரண்டு படிக்கட்டு உயரம் தண்ணீர் அதிகம். சந்தோஷப்பட வேண்டியவள் அரண்டுபோனாள்.

"தண்ணியத் திருடறவனப் பாத்திருக்கறேன். உட்டுட்டுப் போறவன எங்கியாச்சும் கண்டீங்களா? எதுக்கோ அடி போடறான்," என்றாள் பக்கத்துக் காட்டிலிருந்த என்னிடம். நாளைக்கு ஊரைக் கூட்டி மிச்சம் வைத்ததெல்லாம் என் பங்கு என்பான், கிணற்றையே எழுதி வாங்கிவிடுவான் என்று முடிச்சுமேல் முடிச்சுப் போட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "அவனையே ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க," என்றேன். அன்றிலிருந்து என்னையும் அவன் ஆள் என்று சேர்த்துவிட்டாள்.

மிச்சம் இருந்தால்தானே கேட்பான்? தன் முறை வந்தபோதெல்லாம் கிணறு தரைதட்டும்வரை மோட்டாரை ஓட்டினாள். காடு தெப்பமாகி, வரப்பு உடைந்து, வண்டித்தடம் வரை தண்ணீர் போனது. மறுநாள் ஊறியதை வைத்துக் குணசீலன் தன் ஒரு மணி நேரத்தை ஓட்டிக்கொண்டான். ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒன்றரை மாதத்தில் செடிகள் மஞ்சளடித்தன. ஒன்றைப் பிடுங்கினாள். கிழங்கு கொழகொழவென்று கையோடு வந்தது, நாற்றம் வேறு. அவன்தான் மருந்து வைத்துவிட்டான் என்று முடிவுகட்டி, அழுகிய கிழங்கோடு அவன் காட்டுக்கு நடந்தாள். கைகலப்பாகிவிடக் கூடாதே என்று நானும் பின்னால் ஓடினேன்.

குணசீலன் கிழங்கை வாங்கி முகர்ந்து பார்த்தான். "மருந்தில்லீங்க நங்கையா. தண்ணி நின்னு அழுகிருக்குதுங்க."

"எனக்கு எதுக்குத் தண்ணிய உட்டு வெச்ச? அத மொதல்ல சொல்லு."

"உங்களுக்குன்னு உடலீங்களே," என்றான் அவன், நிஜமாகவே புரியாமல். "எஞ் செடிக்கு அவ்வளவு போதுமுங்க. நிறுத்திப்போட்டேன்."

சௌந்திரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் பொய் எங்கே ஒளிந்திருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. தேடித் தேடிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. ஒரு ஏக்கர் கிழங்கும் தன் கையாலேயே போனது என்று அப்போதுதான் உறைத்தது. அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஒரு பொய்யாச்சும் சொல்லு தம்பி," என்றாள்.